திரிசங்கு பார்க்க நாலு பேர்

என் செல்ல மகளுக்கு,

இங்கே ஆனையூரில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. வரும் சித்திரை அமாவாசைக்கு உசிலம்பட்டிப் பக்கம் போகலாம் என்றிருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த வாத்தியாரின் மானாவாரிக் காடு அங்கே இருக்கிறது. சுற்றிலும் ஒரு விளக்கு கிடையாது. தெற்கே பனைமரங்களுக்கு மேல் திரிசங்கு நட்சத்திரங்கள் நன்றாகத் தெரியுமாம்.

ஆறாம் வகுப்பில் நீ கேட்டாயே, அதேதான். நம் மொட்டை மாடியில் நின்று தேடினோம். ஊர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அடுத்த லீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிச் சொல்லியே உன்னை வளர்த்துவிட்டேன்.

நீ இருக்கும் பரவையிலிருந்து வரும் பஸ் நம் தெருமுனையில்தான் நிற்கிறது. தினமும் அதில் நீ இறங்குகிறாயா என்று பார்க்கிறேன். சர்ச்சில் நடந்த உன் கல்யாணத்துக்கு நான் வராததைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

அந்த நட்சத்திரங்களுக்குத் தெற்குச் சிலுவை என்றும் பெயர் உண்டு. உன் வீட்டில் அப்படிச் சொன்னால் சொல்லட்டும். நான் திரிசங்கு என்றுதான் சொல்வேன். அதற்காக அந்த நாலு நட்சத்திரமும் இடம் மாறிவிடாது.

வண்டி பேசிவிட்டேன். எத்தனை பேர் என்று டிரைவர் கேட்டார். "நாலு பேர்" என்றேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இம்மானுவேல என்னன்னு கூப்பிடுவீக? இம்புட்டு நாளா 'அந்தப் பய'ன்னுதான சொன்னீக?"



காட்டில் கொசு அதிகம். மாப்பிள்ளையை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா