உன் கல்லறையில் மூன்று ஸ்டம்பு

என் தங்கமே கங்கா,

போன ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தேன். மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் மூன்று வருஷம் ஆகிறது, இதுதான் முதல் தடவை. திட்டாதே. அனுப்பம்பட்டிலிருந்து பழவேற்காடு என்ன அமெரிக்காவா? பஸ் இருக்கிறது, படகு இருக்கிறது. எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

உன் தீவு பசியாவரத்தில் படகைவிட்டு இறங்கும்போதே உன் நைனா கரையில் நின்றிருந்தார். நேராக உன்னிடம்தான் கூட்டிப்போனார். கல்லறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, பெயின்டரை வரவழைத்து, உன் ஆட்டத்தைப் படமாகவே வரைய வைத்திருக்கிறார். ஒரு கிரிக்கெட் மட்டை, ஒரு சிவப்புப் பந்து, மட்டைக்குப் பின்னால் மூன்று ஸ்டம்பு.

மாநில பேஸ்பால் அணிக்கே பந்து வீசியவள் நீ. உன் தலைமாட்டில் கிரிக்கெட் ஸ்டம்பு.

"படம் நல்லா கீதாம்மா?" என்றார்.

"நல்லா இருக்கு நைனா" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. நீ ஏன்டி ஒரு நாளும் அவரைக் கூப்பிடவில்லை?

அப்படியே திரும்பியிருப்பேன். மனசு கேட்கவில்லை. நம் டீமில் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் அந்த ஆட்டத்தின் பெயரே யாருக்கும் தெரியாது. நீ வீசும் முன்னால் நான் விரல் காட்டுவேனே, ஒன்று என்றால் நேராக, இரண்டு என்றால் வளைத்து என்று, அந்தப் பேச்சைப் பேச எனக்கு ஆளே இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டால் நீ என்ன ஆடினாய் என்று இந்த ஊருக்குத் தெரியாமலே போய்விடும்.

அப்போது நைனா மடியிலிருந்து உன் பழைய பந்தை எடுத்தார். "அவ பையில கெடந்துச்சு. நீ இன்னா பண்ணுவ அந்த ஆட்டத்துல?"

"அவ போடுறத நான் புடிப்பேன் நைனா."

"எங்க, புடி பாக்கலாம்."

பத்தடி தள்ளிப் போய் நின்று வீசினார். இடது கையால். உன் இடது கை வீச்சு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கிளவுஸ் இல்லாத என் உள்ளங்கை சிவந்துவிட்டது. அந்த எரிச்சல் ஆறவே கூடாது என்று இருந்தது. அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

"நைனா, இந்த ஆட்டத்துல ஸ்டம்பே கெடையாது."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப மட்ட புடிக்கிறவன் பின்னால இன்னா இருக்கும்?"

"நான் குந்தினு இருப்பேன்."

நைனா அந்த ஸ்டம்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்ப உன்ன வரைய சொல்லட்டா?" என்றார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஸ்டம்பை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னேன். வருஷா வருஷம் உன் நினைவு நாளில் வந்து, அதற்கு நேராக நானே குந்துகிறேன். முட்டி வலித்தாலும் வருவேன். ஒரு விரல் காட்டுவேன். நேராகப் போடு.

உன் பந்துக்காகவே கை சிவந்த,
கூடப் பிறக்காத தங்கை
வசந்தி