ஊறவைத்த மல்லாட்டை

என் கழுத்தில் தாலி கட்டியவருக்கு,

மாரிகுப்பத்தில் நான் சுகம். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் எழுதக் கற்றுக்கொண்டேன். இது என் கையெழுத்துதான்.

உங்கள் கடிதம் மாசி மாதமே வந்து சேர்ந்தது. இந்த வருஷம் தரகர் இல்லாமல், புஞ்சையை அடமானம் வைத்து, உங்கள் பேரிலேயே மல்லாட்டைப் பருப்பைப் பிரெஞ்சு தேசத்துக்கு அனுப்புவதாகவும், பங்குனி இருபதாம் தேதி புதுச்சேரியில் கப்பல் ஏறும் என்றும் எழுதியிருந்தீர்கள். நான் வேலை பார்க்கும் பங்களாவில் துரைக்குப் பேப்பர் வருமே, அந்த ஊர்ச் சந்தை எப்படி என்று விசாரித்து எழுதச் சொன்னீர்கள்.

பட்லர் ஏனோக்கு என்பவர் அன்றைக்கே பேப்பரைப் படித்துச் சொன்னார். தண்ணீரில் ஊறவைத்து உடைத்த வேர்க்கடலைப் பருப்பு கப்பல் சூட்டில் பூஞ்சணம் பூத்துப்போகிறதாம். பிரெஞ்சு தேசத்து மார்சேல் துறைமுகத்தில் மூட்டையைக் குத்திப் பார்த்து, ஈரப் பருப்பை வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார்களாம். காயவைத்து உடைத்ததற்குத்தான் கிராக்கியாம்.

நான் காயவைத்துத்தான் உடைத்தேன். "இன்னாடி, ஒரு மூட்டைக்கு ரெண்டு நாளா?" என்று கேட்டுத்தானே என்னை வெளியே அனுப்பினீர்கள். ஊறவைத்து ஒரே நாளில் உடைத்துத் தள்ளுகிற கெட்டிக்காரியை அந்த வாரமே வீட்டுக்குக் கூட்டி வந்தீர்கள். இந்த வருஷ மூட்டை முழுக்க அவள் கைவேலைதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம்.

பதில் எழுத ஏன் இத்தனை நாள் என்று கேட்பீர்கள். என் கை எப்போதும் மந்தம்தானே. இன்று பங்குனி இருபத்தைந்து.

இப்படிக்கு,
ஒரு மூட்டைக்கு ரெண்டு நாள் எடுத்தவள்