நீ மூடாமல் வைத்த பரீட்சை

இன்று காலை பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இணையவழிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. மேசைகளுக்குக் கீழிருந்த யூ.பி.எஸ். பெட்டிகள் எல்லாம் ஒன்றாகக் கீச்சிடத் தொடங்கின. பிள்ளைகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். "எழுதுங்க, ஒண்டும் அழியாது. இதுவரைக்கும் எழுதினதெல்லாம் பத்திரமா இரிக்கி" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது உன் வசனம் என்று உறைத்தது. கூடத்தின் மூலையில் நீ வழக்கமாக நிற்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே இப்போது குளிரூட்டி வைத்திருக்கிறார்கள்.

நீயும் நானும் ஒரே கிழமையில்தான் இந்த வேலைக்கு வந்தோம். நீ காரைதீவிலிருந்து, நான் சாய்ந்தமருதிலிருந்து. இரண்டு ஊர்களும் ஒட்டித்தான் கிடக்கின்றன. ஆனாலும் வேலைக்கு வரும்வரை உன் ஊர்க்காரி ஒருத்தியுடன் நான் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நோன்பு காலத்தில் என் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாய். "நீ குடிகா, எனக்கொண்டும் இல்ல" என்றால், "எனக்கு இருக்கு புள்ள" என்பாய். அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்க மாட்டாய்.

அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. எங்கள் வீட்டில் சுவர்கூட மிஞ்சவில்லை, ஆனால் ஆட்கள் மிஞ்சினோம். உன் வீட்டில் நீ மட்டும் மிஞ்சினாய். கணவரை மறுநாள் கண்டெடுத்தார்கள். மகளைக் கண்டெடுக்கவில்லை. அவளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. உன் சொந்தக்காரர் ஒருவர், உன்னைத் தேற்றுவதற்காகத்தான், "அம்பாறை ஆஸ்பத்திரியில உன்ட புள்ளயப் போல ஒண்டக் கண்ட எண்டு கதைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டார். நீ அம்பாறைக்குப் போனாய். அங்கிருந்து வேறோர் ஆஸ்பத்திரி, பிறகு முகாம்கள், பிறகு மட்டக்களப்பு. மாதக்கணக்கில் அலைந்தாய். சில பயணங்களில் நானும் வந்தேன். ஒவ்வோர் இடத்திலும் யாராவது ஒருவர், அடுத்த இடத்தில் பார்க்கச் சொன்னார்கள். கடைசியாக ஒருநாள் பஸ்ஸில் வரும்போது என்னைப் பார்க்காமலே சொன்னாய்: "இல்ல எண்டு அண்டைக்கே ஆராவது சொல்லியிருந்தா, நான் அண்டைக்கே அழுதிருப்பன் புள்ள. இப்ப அழவும் ஏலாமக் கிடக்கு."

அதற்குப் பிறகு நீ வேலைக்குள் இறங்கிவிட்டாய். கரையோரத்தில் குடியிருந்த விரிவுரையாளர் ஒருவர் திருத்துவதற்காக வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த விடைத்தாள்களும் அந்த ஞாயிறோடு போயிருந்தன. அந்தப் பிள்ளைகள் எல்லோரும் திரும்ப எழுதவேண்டி வந்தது. தாயையும் தம்பியையும் அடக்கிவிட்டு வந்த பிள்ளை, போன தவணை எழுதிய அதே பாடத்தை மறுபடியும் எழுதுவதைக் கூடத்தின் வாசலில் நின்று நீ பார்த்தாய். அன்று மாலையே பல்கலைக்கழகத் தகவல் முறைமையில் பரீட்சைகளை ஏற்றும் வேலையைத் தொடங்கினாய்.

அப்போது அந்த முறைமையில் பிள்ளைகளின் பெயரும் பதிவிலக்கமும் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. கேள்விகளைப் பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்து தருவார்கள். கூடத்துக் கணினிகளில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகக் குழம்பித் தெரியும். எல்லாவற்றையும் நாம் இருவரும் யுனிகோட்டில் திரும்ப அடித்தோம். ஒவ்வொரு கேள்வியும் தனிப் பக்கமாக வரவேண்டும் என்று நீ பிடிவாதமாக நின்றாய். அப்படியானால்தான் அடுத்த கேள்விக்குப் போகும்போதே முந்தைய விடை பதிவாகும். ஒரு நகல் மலைநாட்டில் உள்ள வேறொரு கணினியில் இருக்கவேண்டும் என்றாய். "அவ்வளவு தூரம் என்னத்துக்கு?" என்று கேட்டார் ஒரு மூத்த விரிவுரையாளர். "கடல் ஏற ஏலாத இடமா இருக்கோணும் சேர்" என்றாய்.

முதல் பரீட்சை நன்றாகவே நடந்தது. இரண்டாவது பரீட்சைக்கு முன்புதான் சுகந்தினியின் கதை தொடங்கியது.

புவியியல் படிக்க வந்தவள். முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை. விடுதியில் தங்கியிருந்தாள். வகுப்பு முடிந்தால் உன் மேசைக்கு வந்துவிடுவாள். ஒத்திகைப் பரீட்சையை அவளை வைத்துத்தான் சோதித்துப் பார்ப்பாய். "மிஸ், இந்தப் பொத்தானை அமத்தினா வெளியில போயிடுதே, பிழை விட்டா திரும்பி வர ஏலாதோ?" என்று கேட்பாள். நீ அதைத் திருத்துவாய். விடுமுறைக்கு ஊருக்குப் போனவள் திரும்புவதற்கு முன்பு, யுத்தம் மூண்டு வன்னிக்கான பாதையைப் பூட்டிவிட்டார்கள். பரீட்சை நாளில் அவளுடைய இருக்கை வெறுமையாகக் கிடந்தது.

முறைமையில் ஒரு வசதி இருந்தது. பரீட்சைக்குத் திறக்கும் திகதியும் மூடும் திகதியும் குறிப்பதைப் போல, தனி ஒரு மாணவருக்கு மட்டும் மூடும் திகதியைத் தள்ளிவைக்கலாம். நீ அவளுக்கு ஒரு மாதம் தள்ளினாய். பாதை திறக்கவில்லை. இன்னொரு மாதம் தள்ளினாய்.

ஒருநாள் அலுவலகத் தொலைபேசிக்கு அழைப்பு வந்தது. கோடு இரைந்தது. நான்தான் எடுத்தேன். குரலைக் கேட்டதும் உன்னிடம் கொடுத்தேன். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நீ நின்றாய். அவள் கத்திக் கேட்டது எனக்கும் கேட்டது. "மிஸ், என்ர சோதனை மூடியாச்சோ?"

"இல்ல, மூடல்ல. திறந்துதான் கிடக்கு."

"எப்ப வரைக்கும் மிஸ்?"

"நீ வாற வரைக்கும்."

கோடு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளிடமிருந்து அழைப்பே வரவில்லை.

அவளுடைய வகுப்பு அடுத்த ஆண்டுக்குப் போனது, அதற்கடுத்த ஆண்டுக்கும் போனது. பட்டமளிப்பும் முடிந்தது. அவளுடைய பதிவு காலாவதியாகிவிட்டது என்று பீடம் முடிவெடுத்தது. நீ ஒன்றும் வாதாடவில்லை. பரீட்சையின் திகதியை மட்டும் தள்ளிக்கொண்டே இருந்தாய். வன்னியிலிருந்து வந்த செய்திகளை நாம் வானொலியில் கேட்டோம். போகப் போக அந்த வானொலியை நீ திறப்பதையே விட்டுவிட்டாய். யுத்தம் முடிந்ததாக அறிவித்த அன்று வெளியே வீதியில் பட்டாசு கொளுத்தினார்கள். நீ எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, சுகந்தினியின் பெயரைத் திறந்து பார்த்தாய். பிறகு திகதியை ஓர் ஆண்டு தள்ளிவைத்தாய்.

அந்த ஆண்டு முடிவதற்குள் அவளுடைய தாய் வந்தார். வவுனியா முகாமிலிருந்து விட்டிருந்தார்கள். பல பஸ் மாறி, விசாரித்து விசாரித்து நம் அறையைக் கண்டுபிடித்திருந்தார். கையில் ஒரு சாப்பாட்டுப் பொதி, பிரிக்காமலே இருந்தது. கதிரையில் உட்காரச் சொன்னோம். நுனியில் உட்கார்ந்தார்.

"கடைசி நாட்களில தண்ணியைக் கடந்து வரேக்க கை விடுபட்டுப் போச்சு பிள்ளையள்" என்றார். "திரும்பிப் பாத்தன், சனம்தான் தெரிஞ்சுது. அவளை வேற முகாமில கண்டதெண்டு ஒராள் சொன்னவ. அங்க இல்லை. ஆஸ்பத்திரியில எண்டு இன்னொராள் சொன்னவ. அங்கயும் இல்லை."

உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"அவள் சொல்லுவாள், இந்தக் கொம்பியூட்டர் எங்க இருந்து போனாலும் ஆர் வந்தது, எப்ப வந்தது எண்டு பிடிச்சு வைச்சிருக்கும் எண்டு. எங்கயாவது இருந்தா அவள் சோதனையை ஒருக்காத் திறந்து பாத்திருப்பாள். பாக்காம இருக்க மாட்டாள். வந்தவளோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

உனக்கு அதைத் திறந்து பார்க்கத் தேவைப்படவில்லை, அவள் வரவில்லை என்று நமக்குத் தெரியும். நான் இடையில் புகுந்தேன். "உம்மா, எல்லா இடத்திலயும் இன்டர்நெட் இல்லதானே, வரல்ல எண்டா அதுக்காக..." என்று தொடங்கினேன். மேசைக்குக் கீழே நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். அழுத்தியபடியே அவரிடம் சொன்னாய்: "இல்ல அம்மா. பாதை பூட்ட முந்தி விடுதியில இருந்து வந்ததுதான் கடைசி. அதுக்குப் பிறகு வரல்ல. நான் ஒவ்வொரு கிழமையும் பாக்கிறனான்."

தாய் அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவள்ர பேர் இதில எங்க கிடக்கு?" என்று கேட்டார். நீ விரலால் காட்டினாய். ஆங்கில எழுத்தில், தந்தையின் முதலெழுத்தோடு இருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியவில்லை. நீ விசைப்பலகையை இழுத்து, அந்த இடத்திலேயே ஆங்கிலத்தை அழித்துவிட்டு, தமிழில் அடித்தாய். தாய் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தார். சு. க. ந். தி. னி. பிறகுதான் அழத் தொடங்கினார். நீ கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். ஆறுதல் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும் வரை அப்படியே இருந்தீர்கள்.

அவரை ஏற்றிவிட்டு வந்து நான் உன்னோடு சண்டை பிடித்தேன். "இவ்வளவு வெட்டொண்டு துண்டு ரெண்டா சொல்லத்தான் வேணுமா? அந்த மனிசிக்கிட்ட மிஞ்சினதே அந்த நம்பிக்கதான்."

"எனக்கும் அதுதான் மிஞ்சிக் கிடந்த" என்றாய்.

"அப்ப இனி அந்தப் பரீட்சைய மூடிப் போடன். அவக்கு இல்ல எண்டு சொல்லிற்று நீ மட்டும் திறந்து வைச்சிருக்காய்."

அடுத்த ஆண்டும் திகதியைத் தள்ளினாய் என்பதை நான் பிறகு கண்டேன்.

நோயைப் பற்றி நீ என்னிடம் சொன்னபோது அது மார்பிலிருந்து முதுகெலும்புக்குப் போயிருந்தது. கட்டி இருப்பது எப்போதிருந்து தெரியும் என்று மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார். "கொஞ்ச நாளா" என்றாய். அது பொய் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். பிறருக்குப் பொய் சொல்லாத நீ உன்னைப் பற்றி மட்டும் தாராளமாகச் சொன்னாய். திரும்பி வந்து காரைதீவில் உன் சித்தியின் வீட்டில் படுத்திருந்தாய். கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது உன் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "சுகந்தினிட பரீட்சைய நான் என்ன செய்யட்டும்?"

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய்: "நான் போன மறுகா நீ என்னவும் செய். எனக்கு மட்டும் சொல்லாத புள்ள."

உன்னைக் கொண்டுபோன அன்று நான் படலையில் நின்றேன். பறை ஒலி சந்தி தாண்டும்வரை கேட்டது.

நான் அந்தப் பரீட்சையை மூடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை திகதியை மாற்றினேன். நம்பிக்கை இருந்ததால் அல்ல. மூடுவதற்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். பிறகு புதிய முறைமை வந்தது. பழையதிலிருந்து தரவுகளை மாற்றியபோது, நெடுங்காலம் அசைவில்லாத கணக்குகளை விட்டுவிட்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விடயம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் தேடிப் பார்த்தபோது சுகந்தினியும் இல்லை, அந்தப் பரீட்சையும் இல்லை, அதை அமைத்தவர் என்ற இடத்தில் இருந்த உன் பெயரும் இல்லை. மலைநாட்டு நகலும் எப்போதோ நிறுத்தப்பட்டிருந்தது. கடல் ஏறாத இடத்திலும் ஒன்றும் மிஞ்சவில்லை.

சுகந்தினியின் தாய் இப்போதும் இடைக்கிடை அழைப்பார். வீதியோரக் கொட்டிலில், காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டு இருக்கும் மற்றத் தாய்மாரோடு மகளின் படத்தை வைத்துக்கொண்டு இருக்கிறார். நீ போன செய்தியை அன்றே அவருக்குச் சொல்லியிருந்தேன். போன கிழமை அழைத்தபோது, "பேர் அதுக்குள்ள கிடக்குத்தானே பிள்ளை?" என்று கேட்டார். ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். மேசைக்குக் கீழே என் கையை யாரும் பிடிக்கவில்லை.

"இல்ல உம்மா. பழையத எடுத்துப் போட்டாங்க. அவட பேரும் போயிட்டு."

அவருடைய பக்கத்தில் லொறி ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"அப்ப இனி நீங்களும் நானும்தான்" என்றார்.

விடியற்காலையில் சுபஹ் தொழுது கையேந்தும்போது சுகந்தினியின் பெயரைச் சொல்கிறேன். உன் மகளின் பெயரை, உன் கணவரின் பெயரை, உன் பெயரைச் சொல்கிறேன். வேறு மார்க்கத்தாருக்காக இப்படிக் கேட்கலாமா என்று மார்க்கம் படித்த எந்த ஹஸரத்திடமும் நான் போய்க் கேட்கவில்லை. கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். அவர்கள் திரும்பி வரவேண்டும் என்றோ, எங்காவது இருக்கவேண்டும் என்றோ நான் கேட்பதில்லை. பெயர்களைச் சொல்கிறேன். சொல்லி முடித்து முகத்தில் கையைத் தடவிவிட்டு, வேலைக்குப் புறப்படுகிறேன்.