கேபிளின் இரண்டு முனைகள்

பிப்ரவரி 3, திங்கள்

என்னோடு நெட்வொர்க் வேலை பார்க்கும் டோர்க்கெல் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், துறைமுகக் கணினிகளை இணைக்கும் தலைமை ஸ்விட்சில் கை வைத்திருக்கிறான். கப்பல் துறைக்குப் போகும் இரண்டு கேபிள்களில் ஒன்றில், தன் முனையின் நேட்டிவ் விலேன் எண்ணை, அதாவது கேபிளுக்குள் ஓடும் பொதுத் தடத்தின் எண்ணை, 1-லிருந்து 99 ஆக்கிவிட்டான். பாதுகாப்பாம். மறுமுனை என் பொறுப்பு. அங்கே இன்னும் 1தான்.

தட எண் முத்திரை குத்தாமல் வரும் தரவை எந்த எண்ணில் சேர்ப்பது என்பதில் இரு முனைகளும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் ஸ்விட்சுகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் கட்டுப்பாட்டுச் செய்திகள் முரண்படும். ஸ்விட்ச் சந்தேகப்பட்டு அந்தக் கேபிளில் அந்த இரண்டு எண்களுக்கும் வழியை அடைத்துவிடும். அடைத்துவிட்டது. கிரேன்கள் எல்லாம் 1-ல்தான் இருக்கின்றன. இப்போது அவை இன்னொரு கேபிளை மட்டும் நம்பி ஓடுகின்றன.

என் திரையில் எச்சரிக்கை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. நான் சொல்ல மாட்டேன். கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "ஹில்லவி இன்னும் பழைய காலத்துலயே இருக்காங்க"ன்னு சிரிச்சவன்தானே? பட்டால்தான் புத்தி வரும்.

பிப்ரவரி 5

இன்றும் வருகிறது. வாய் திறக்கவில்லை.

பிப்ரவரி 7

காபி வேளையில் கேட்டான்: "உங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குல்ல?"

"என் பக்கம் சரியாத்தான் இருக்கு."

பொய்யா என்ன? எரிச்சலாக இருந்ததால் அந்த எச்சரிக்கையையே நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

பனி அள்ளும் வண்டி அந்த இன்னொரு கேபிளை அறுத்துவிட்டது. கிரேன்கள் நின்றன. கிரேன் ஓட்டும் இல்வா கப்பலுக்கு மேலே, நாற்பது மீட்டர் உயரத்தில், கூண்டுக்குள் மாட்டிக்கொண்டாள். மைனஸ் பதினெட்டு. கிரேனோடு ஹீட்டரும் நின்றுபோய்விட்டது.

என் முனையை 99 ஆக்கினால் போதும், அடைபட்ட கேபிள் திறந்துவிடும். ஒரு வரி. ஆனால் உடனே செய்தால், எப்படித் தெரிந்தது என்று கேட்பார்களே? மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு தேடுவதுபோல நடித்தேன். டோர்க்கெல் அறுந்த கேபிளைத் தேடிப் பனியில் ஓடிக்கொண்டிருந்தான். நாற்பது நிமிஷம். அப்புறம்தான் அந்த வரியை அடித்தேன். கடவுளே — நாற்பது நிமிஷம் உக்காந்திருந்தேனே!

பிப்ரவரி 13

மேலாளர் குன்வோர் கேட்டாள்: "அந்த எச்சரிக்கைய யாராவது பாத்தீங்களா?"

"இல்ல" என்றேன்.

டோர்க்கெல் என்னையே பார்த்தான். எச்சரிக்கையை யார் நிறுத்தினாலும் அவர் பெயரை ஸ்விட்ச் பதிந்து வைத்திருக்கும்; அதைப் படித்துவிட்டான். காட்டிக்கொடுப்பான் என்று காத்திருந்தேன். "தப்பு என்னோடது" என்று மட்டும் சொன்னான்.

பிப்ரவரி 14

எதையாவது கெடுத்தவர்தான் எல்லாருக்கும் கேக் வாங்க வேண்டும், இங்கே அதுதான் வழக்கம். டோர்க்கெல் வாங்கி வந்தான். முதல் துண்டை என் தட்டில் வைத்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "சாப்பிடுங்க, இதுல பாதி நீங்க வாங்கியிருக்கணும்" என்றான்.

தின்றேன். பாவி, குன்வோர்கிட்டயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. இவன் தயவில் நான் இருக்கணுமா?

பிப்ரவரி 19

இல்வா வேலைக்குத் திரும்பிவிட்டாள். வலது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டு. நேராக என் மேசைக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க இல்லேன்னா அங்கயே விறைச்சுப் போயிருப்பேன், ஹில்லவி. நாப்பதே நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டீங்களாமே!"

"அதனால என்ன, இல்வா" என்றேன்.