முடிச்சில்லாத நூல்

மாதுங்கா, பம்பாய், 3 செப்டம்பர் 1945, திங்கள்

உள்ளறையில் இருந்த இரண்டு பிரம்மச்சாரிகளும் இன்று காலை காலி செய்துவிட்டார்கள். யுத்த நாளில் எங்கேயும் இடம் கிடைக்காமல் இவருடைய ஆபீஸிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவர்கள். மூன்று வருஷம் இருந்தார்கள். சுவரில் அவர்கள் தலை சாய்த்த இடத்தில் இரண்டு எண்ணெய் வட்டம். சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன். வட்டம் பெரிதாகிவிட்டது.

இனிமேல் அது குழந்தைகளின் அறை. பாகீரதிக்கும் ஜம்புவுக்கும் சேர்த்து ஒன்று. நாற்பத்திரண்டு ஜனவரியில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று இந்தக் கட்டிடமே காலியானபோது இரண்டு பேரையும் பாலக்காட்டுக்கு, இவருடைய அண்ணா மனைவி மன்னியிடம் அனுப்பினோம். அவளுக்கு நாலரை வயது, அவனுக்கு ஒன்றரை. இவருக்கு வயிற்றுப்புண், ஹோட்டல் சாப்பாடு ஆகாது, அதனால் நான் இங்கேயே தங்கினேன். மூன்று மாதம் என்றுதான் சொல்லிக்கொண்டோம். அப்புறம் ரேஷன். அப்புறம் டிக்கெட் வாங்கப் போகும் சமயத்தில் துறைமுகத்தில் கப்பல் வெடித்தது. இப்போது யுத்தமே முடிந்துவிட்டது. சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

சாக்கு என்றா எழுதியிருக்கிறேன்?

6 செப்டம்பர், வியாழன்

தாராவியிலிருந்து தச்சர் ஜெயினுலாப்தீன் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மரம் கிடைக்காத காலம், ராணுவப் பெட்டி மரத்தில்தான் கட்டில் செய்ய முடியும் என்றார். சரி, இரண்டு சின்னக் கட்டில் என்றேன். என்ன நீளம் என்று கேட்டார். பெரியவள் இவ்வளவு இருப்பாள், சின்னவன் இவ்வளவு என்று கையால் காட்டினேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என் கையையே பார்த்தார்.

"எம்மா, இது எந்த வருசத்து அளவு?"

"என்ன பாய் கேக்கறீர்?"

"இல்லம்மா, புள்ளைய வளந்திருக்கும்லா? கட்டிலச் செஞ்சு வச்சிட்டு, காலை மடக்கிப் படுங்கன்னா சொல்லுவிய?"

சுரீரென்று கோபம் வந்தது. அளவு எனக்குத் தெரியும், நீர் மரத்தைப் பாரும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். வந்து நின்று யோசித்தால் ஜம்புவுக்கு என் முழங்கால் உயரத்தைக் காட்டியிருக்கிறேன். அவனுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது.

நாற்பத்துமூன்றில் மாமனார் காரியத்துக்குப் போய்ப் பதினைந்து நாள் இருந்தேன். அப்போது அவன் மன்னியின் புடவைக்குப் பின்னாலேயே நின்றான். சரியாகப் பார்க்கக்கூட விடவில்லை. எப்படி அளவு தெரியும்?

7 செப்டம்பர்

குழந்தைகளை அளந்து நூல் அனுப்பச் சொல்லி மன்னிக்குக் கடிதம் போட்டேன். பாவாடைக்கு அளவு கேட்கிற மாதிரி என் குழந்தைகளின் உயரத்தைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

11 செப்டம்பர், செவ்வாய்

வெள்ளையடித்தாயிற்று. சுண்ணாம்பில் நீலம் கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொன்னது நான்தான். குழந்தைகள் அறை, ஆகாசம் மாதிரி இருக்கட்டுமே என்று. மழைக்காலத்தில் சுவர் காய்கிற வழியாயில்லை. ஈரத்தில் பார்க்கும்போது அசல் மை கொட்டினது போல் இருக்கிறது. எண்ணெய் வட்டம் இரண்டும் அதற்குள்ளும் எட்டிப் பார்க்கின்றன.

இவர் வாசல்படியிலேயே நின்று பார்த்துவிட்டு, "அகிலா, இங்கே முங்கிக் குளிக்கலாம் போலிருக்கே" என்றார். சிரிப்பு வரவில்லை.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரச் சேட் ஆள் அனுப்பியிருக்கிறார். படங்களைக் கஞ்சிப்பசை போட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

19 செப்டம்பர், புதன்

மன்னியின் கடிதம். அப்படியே எழுதி வைக்கிறேன். "சௌ. அகிலாண்டத்துக்கு ஆசீர்வாதம். நீ கேட்டபடி இரண்டு நூல் அனுப்பியிருக்கிறேன். ஒரு முடிச்சு பாகீரதி, இரண்டு முடிச்சு ஜம்பு. பாகீரதியே மடித்து உறையில் வைத்தாள். மழை நாளில் ஜம்புவுக்குக் காது வலிக்கும், பஞ்சு வைக்கவும். நாகலக்ஷ்மி."

உறையில் மூன்று நூல் இருக்கிறது.

ஒரு முடிச்சு, சரி. இரண்டு முடிச்சு, சரி. மூன்றாவதில் முடிச்சே இல்லை. ஆனால் எல்லாவற்றையும்விட நீளம். தலையில் வைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தேன், என்னைவிட நாலு விரல் அதிகம்.

20 செப்டம்பர்

இவரைக் கேட்டேன். "துணி உலர்த்தக் கொடி கட்ட அனுப்பியிருப்பா" என்றார். ஒற்றை நூலில் கொடியா? ஆபீஸில் இவருக்கு எப்படித்தான் வேலை கொடுக்கிறார்களோ.

கடிதத்தில் இரண்டு என்று தெளிவாக இருக்கிறது. மன்னி எண்ணிக்கை தப்புகிறவள் இல்லை. உறை கட்டச் சுற்றிய நூல் உள்ளே விழுந்துவிட்டதோ? அப்படியானால் நறுக்கென்று ஏன் வெட்டியிருக்க வேண்டும்? இதற்கு மேல் யோசித்தால் குழம்பு கரிந்துவிடும். கரிந்தேவிட்டது.

25 செப்டம்பர், செவ்வாய்

விளக்கணைப்பு நாளில் ஜன்னலுக்கு ஒட்டிய கறுப்புக் காகிதத்தை இன்றுதான் முழுக்கச் சுரண்டி எடுத்தேன். கிங்ஸ் சர்க்கிளில் பூப்போட்ட துணி கிடைத்தது. திரைக்கு அளவெடுக்கும்போது சும்மா அந்த முடிச்சில்லாத நூலைப் பிடித்துப் பார்த்தேன். ஜன்னல் மேல்கம்பியிலிருந்து தரை வரைக்கும் கச்சிதமாக இருக்கிறது! மன்னிக்கு இந்த ஜன்னலைத் தெரியாது. இருந்தாலும் பொருந்திவிட்டது. பொருந்தியதைக் கேள்வி கேட்பானேன் என்று அந்த அளவுக்கே வெட்டித் தைத்துவிட்டேன். நூலைத் தையல் பெட்டியில் போட்டேன்.

கட்டில்களும் வந்துவிட்டன. அடியில் கறுப்பு மையில் இங்கிலீஷ் எழுத்து. ஜம்புவின் கட்டில் நான் நினைத்ததைவிட எவ்வளவு நீளம்!

27 செப்டம்பர், வியாழன்

குழந்தைகளை அழைத்துவர இவர் கிளம்பிவிட்டார். அறை முடிந்தது. சுவரில் யானை, மயில், கப்பல். நடுவில் பெரிய எழுத்தில் அ ஆ இ ஈ அட்டை. நானே எழுதியது. ஜன்னலில் பூத்திரை. தனியாக அரைமணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. ஏன் என்றே தெரியவில்லை.

4 அக்டோபர், வியாழன்

வந்துவிட்டார்கள். தாதர் ஸ்டேஷனில் இவர் பக்கத்தில் இரண்டு குழந்தைகள் நின்றன. யாரோ வீட்டுப் பெண் என்று என் கண் பாகீரதியைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு நிமிஷந்தான். அதை அவள் பார்த்துவிட்டாள்.

என்னைப் "பம்பாய் அம்மா" என்று கூப்பிடும்படி மன்னி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மன்னிதான் அவர்களுக்கு "அம்மா".

அறையைக் காட்டினேன். ஜம்பு சுவரைத் தொட்டுவிட்டு விரலைப் பார்த்தான், ஒட்டுகிறதா என்று. பாகீரதி அட்டை முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"இது என்னாக்கும்?"

"அ, ஆ. தமிழ் எழுத்து. படியேன்."

"எனக்கு மலையாளந்தான் தெரியும். ஸ்கூல்ல அதாக்கும் படிச்சேன்."

எனக்கு இது தோன்றவே இல்லை. தினமும் பாலக்காடு, பாலக்காடு என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, அங்கே பள்ளிக்கூடத்தில் என்ன எழுத்து என்று தோன்றவே இல்லை.

5 அக்டோபர், வெள்ளி

காலையில் பாகீரதி கட்டில்களை எண்ணினாள். இரண்டு. கூடத்துக்குப் போய்ப் பார்த்தாள். அடுப்படியில் வந்து நின்று கேட்டாள்.

"அம்மாவோட கட்டில் எங்கே?"

"எந்த அம்மா?" என்றேன். அட பாவமே, கேட்டேனே!

"நூல் வெச்சேனே? எங்க ரெண்டு பேரையும் அம்மா அளந்தா. அம்மாவை யாருமே அளக்கலை. வாசல் நிலைகிட்ட நிக்கச் சொல்லி நான்தான் அளந்தேன், சும்மா வெளையாட்டுன்னு. முடிச்சுப் போட மறந்துட்டேன். அதனால செய்யலையா?"

 முடிச்சு இல்லாததால்தான் தெரியவில்லை, ஜன்னல் திரைக்கு அளவாக வைத்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்தேன். அவள் அறைக்குள் போனாள்.

6 அக்டோபர்

கோபம் கோபமாக வருகிறது. யார் மேல்? பெற்றது நான். சுவரைத் தேய்த்தது, பசை கிண்டியது, திரை தைத்தது எல்லாம் நான். அந்த நூலை எடுத்துப் பூ கட்டப் போனேன். கட்டவில்லை. திரும்பப் பெட்டியிலேயே போட்டுவிட்டேன்.

10 அக்டோபர், புதன்

ஜம்பு பகலெல்லாம் ஜன்னல் திரைக்குள் சுற்றிக்கொண்டு நிற்கிறான். வா என்றால் வருவதில்லை. பாகீரதியைக் கேட்டேன். "அது அம்மா அளவாக்கும். நான்தான் அவன்ட்ட சொன்னேன்" என்றாள்.

அந்த அறைக்குள் மன்னியைக் கொண்டுவந்து நிறுத்தியவளே நான்தான் போலிருக்கிறது.

12 அக்டோபர், வெள்ளி

கிளம்பும்போது மன்னி என்ன செய்தாள் என்று இன்றுதான் இவரிடம் கேட்டேன். ஸ்டேஷனுக்கு வரவில்லையாம். குழந்தைகளின் பாய் இரண்டையும் முற்றத்தில் வெயிலுக்குப் போட்டுக்கொண்டிருந்தாளாம். "காதுக்குப் பஞ்சு மட்டும் கொடுத்தா" என்றார்.

இவருடைய அண்ணா போனபோது மன்னிக்கு இருபத்துநாலு வயது. குழந்தை இல்லை. மாமனாரும் போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது அவள் ஒருத்திதான். குழந்தைகளை எப்போது கூட்டிவரலாம், எப்படிக் கூட்டிவரலாம் என்று மூன்று வருஷமாக யோசித்தேன். கூட்டி வந்த மறுநாள் காலையில் அவள் யாருக்குக் காப்பி போடுவாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

யோசித்து என்ன ஆகப்போகிறது? அவள் வந்தால் நான் யார்? வராவிட்டால் மட்டும் நான் யார்? 

15 அக்டோபர், விஜயதசமி

ஜம்புவுக்கு எழுத்தாரம்பம். தாம்பாளத்தில் அரிசி பரப்பி, மடியில் உட்கார வைத்து விரலைப் பிடித்தேன். கையை இறுக்க மூடிக்கொண்டுவிட்டான். இவர் அதட்டினார். "அம்மா வந்தப்புறம் எழுதறேன்" என்று ஒரே அழுகை. நானும் பிடித்த கையை விடவில்லை. இழுத்த இழுப்பில் அரிசியெல்லாம் தரையில். அஞ்சு வயசுப் பிள்ளையோட மல்லுக்கு நின்னேனே, எனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?

பாகீரதி ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிப் போட்டாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். பொறுக்கி முடித்துவிட்டு மன்னிக்கு எழுதினேன்: "மூன்றாவது நூல் வந்து சேர்ந்தது. கட்டில் செய்யக் கொடுத்துவிட்டேன். மரம் அறுத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு வரவும்."

பொய்தான். இன்னும் கொடுக்கவில்லை.

17 அக்டோபர்

கொடுத்துவிட்டேன். ஜெயினுலாப்தீன் நூலை விரலில் சுற்றிக்கொண்டு, "இது எந்த வருசத்து அளவும்மா?" என்றார், குறும்பாக.

"இது வளர்ந்து முடிஞ்ச அளவு, பாய்" என்றேன்.

30 அக்டோபர், செவ்வாய்

மன்னியிடமிருந்து கார்டு. "எனக்கு எதற்குக் கட்டில்? பாய் போதும். தீபாவளி கழித்து வருகிறேன்." குழந்தைகளிடம் நானே படித்துக் காட்டினேன். ஜம்பு என் கையிலிருந்து கார்டைப் பிடுங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவனும் ஒரு தடவை படித்தான்.

18 நவம்பர், ஞாயிறு

மன்னி வந்தாயிற்று. மூன்று கட்டில் போட்டதும் அறையில் நடக்க இடமில்லை. ஜன்னலோரம் மன்னியின் கட்டில் இடிப்பதால் திரையை முக்கால் முழம் மடித்துத் தைத்துவிட்டேன். அவள் வந்த அன்று ஜம்பு பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கும்படி "அம்மா" என்று கத்தினான். நான் அடுப்படியில் இருந்துவிட்டேன்.

2 டிசம்பர், ஞாயிறு

மன்னி கட்டிலில் படுப்பதில்லை, பாய்தான். நேற்று மத்தியானம் மட்டும் அதில் தூங்கிப்போயிருந்தாள். ஜம்பு அரிசியில் 'அ' எழுதிவிட்டான். பாகீரதி எனக்கும் நூல் பிடித்து அளந்து, மறக்காமல் மூன்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாள். எதற்கென்று கேட்டேன். "வெறுதேதான்" என்றாள். சும்மாவாம்.

இன்று காலை நானும் மன்னியும் அடுப்படியில் முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தோம். அறையிலிருந்து ஜம்பு "அம்மா!" என்றான். இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம். நான் உட்காரப் போனேன்.

மன்னி எனக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "போ அகிலா. உன்னைத்தான்."

"எப்படித் தெரியும் மன்னி?"

"என்னைக் கூப்பிடறச்சே இழுத்துண்டு கூப்பிடுவான். இது நான் கேட்டதில்லை."

கையெல்லாம் மாவு. அப்படியே போனேன். பம்பரம் கட்டிலுக்கடியில் உருண்டுபோயிருந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.