முடிச்சுக்கு அடியில்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

நேற்று எங்கள் வில் கடைக்கு ஒரு தச்சர் வந்தார். உங்கள் வயதிருக்கும். இறந்துபோன மகளுடைய, கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில்லில் தானே எய்து பழகப் போகிறாராம். அந்தப் பெண், விரலுக்குப் பதிலாக நாணைப் பிடித்திழுக்கும் கைக்கொக்கியை நேராக நாணிலேயே மாட்டி இழுத்திருக்கிறாள். அந்த இடம் தேய்ந்திருந்தது.

"நாண்ல சின்னதா ஒரு கயித்து லூப் கட்டி, அதுல கொக்கிய மாட்டுங்க. நாண் தேயாது," என்றேன்.

"அவ தேச்ச இடம்மா. முடிச்சுல மறைஞ்சிடுமே?"

"மறையும். ஆனா அடியில அப்படியே இருக்கும்."

வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "கட்டிடும்மா," என்றார்.

கட்டிக் கொடுத்தேன். இழுத்துப் பிடித்தவர், நான் இல்லாத பக்கம் திரும்பி, "சரியா புடிச்சிருக்கேனா கண்ணு?" என்று கேட்டார். அங்கே யாருமில்லை. பதில் வரும்வரை நாணைத் தளர்த்தமாட்டார்போல நின்றார். "சரியாத்தான் இருக்குப்பா," என்று நானே சொல்லிவிட்டேன்.

பயப்பட ஒன்றுமில்லை. இன்று கடையைப் பெருக்கும்போது, அவர் திரும்பிப் பேசிய அந்தப் பக்கத்தை மட்டும் பெருக்க மனம் வரவில்லை.

என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். போன் செய்தால், "இந்தா, அம்மாகிட்ட பேசு," என்று உடனே கொடுத்துவிடாதீர்கள். ஏதாவது பேசுங்கள்.

கடை திறக்க நேரமாயிற்று.

உங்கள் மகள்