முக்கால் அளவு வயலின்

பிப்ரவரி 1, சனி

பனி நிற்கவில்லை. கல்லூரி இசைக் கட்டடத்தின் அடித்தளத்தில் மட்டும் கொஞ்சம் கதகதப்பு. ஈரக் கோட்டுகளும் வில்லுக்குத் தேய்க்கும் ரோசினும் கலந்த அதே வாசனை.

டெல்ஃபின் ஓக்ஸ் ஒரு கடிதத்தை என் கையில் திணித்தாள். டீன் எழுதியது. செப்டம்பரிலிருந்து சனிக்கிழமைகளில் கட்டடம் மூடப்படும். இசைத் துறை வாக்களித்துப் பொறுப்பேற்றால்தான் ஊர்ப் பிள்ளைகளின் வயலின் வகுப்பு தொடரலாம். வாக்கெடுப்பு மார்ச் 21.

"அறிக்கைய நீதான் எழுதணும், மார்கிட். இருபது வருஷமா வகுப்ப நடத்துறேன், ஆனா உங்க புரொபசருங்க பாஷை எனக்கு வராது."

துறையில் இசை வரலாறு மட்டும் நடத்துகிறவள் நான். எழுதுகிறேன் என்றேன். நடக்கும் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 8

அளவெடுக்கும் நாள். வயலினைத் தோளில் வைத்து இடது கையை நீட்ட வேண்டும். முனையில் இருக்கும் மரச்சுருளை விரல்கள் வளைத்துப் பிடித்தால் அது அந்தப் பிள்ளைக்குச் சரியான அளவு. கால், அரை, முக்கால், முழு. ஒரு சிறுமி அரையைத் திருப்பித் தர மாட்டேன் என்று அழுதாள்.

"கை வளந்ததுக்கா அழுவாங்க? எனக்கு இடுப்புதான் வளருது, நான் அழுதேனா?" என்றாள் டெல்ஃபின்.

எட்டு வயதில் இதே சுவரோரம் நானும் கையை நீட்டி நின்றேன். அப்போது சுவர் பச்சை. பதின்மூன்றாம் வயதில் முழு அளவுக்கு மாற வேண்டிய வாரம், அப்பாவின் கண்ணாடித் தொழிற்சாலை மூடியது. யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை. நானேதான் போகவில்லை. வகுப்பில் இரவல் வாங்கிய முக்கால் வயலினை அம்மா பேருந்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

இதை டெல்ஃபினிடம் சொன்னதில்லை. யாரிடமும்தான்.

பிப்ரவரி 25

அறிக்கை முடிந்தது. நூறு பிள்ளைகளில் அறுபத்தோரு பேர் முழு அளவுக்கு வருமுன்பே விட்டுவிடுகிறார்கள். இந்த எண்ணையும் போட்டேன். மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

மார்ச் 7

துறையில் எல்லோரும் படித்துவிட்டார்கள். செல்லோ ஆசிரியர் ஆர்லோ நடைக்கூடத்தில் நிறுத்தி, "நீங்களே எழுதிட்டீங்களே மேடம், பாதிக்கு மேல ஓடிப்போகுதுங்கன்னு. எனக்கு வேலை மிச்சம்" என்று சிரித்தார்.

டெல்ஃபினிடம் நானே சொன்னேன். "நெஜத்த எழுதினியா? யாரு கேட்டா உன்கிட்ட? அந்தப் பிள்ளைங்க முகத்தப் பாத்துச் சொல்லு போ, உங்க கணக்கு சரியா வரலைன்னு!"

அவள் கேட்டது தப்பா? எண் தப்பில்லை. அப்புறம் ஏன் எனக்கு இப்படி—

மார்ச் 9

டெல்ஃபின் போனை எடுக்கவில்லை.

மார்ச் 21

பன்னிரண்டு பேர், நீள மேசை, ஆறிப்போன காபி. ஆர்லோ நேராக அந்த எண்ணுக்குப் போனார். "விட்டுட்டுப் போன அறுபத்தோரு பேருக்கு என்ன மிஞ்சுச்சு? யாருக்காவது தெரியுமா?"

அறிக்கையில் அதற்குப் பதில் இல்லை. ஒருவர் கதை சான்றாகாது என்று என் மாணவர்களிடம் வருடாவருடம் சொல்கிறவள் நான்.

"ஒருத்தி இங்க உக்காந்திருக்கா" என்றேன்.

என் குரல்தானா அது?

"அஞ்சு வருஷம் கத்துக்கிட்டு விட்டவ. அதுக்கப்புறம் வாசிச்சதில்ல. ஆனா உங்க கச்சேரி ஒண்ணையும் விட்டதில்ல, ஆர்லோ. போன மாசம் ரெண்டாவது பாட்டுல நீங்க சுருதி இறங்கினது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் கடைசியில் ஆதரவாகக் கையைத் தூக்கினார். ஏழுக்கு ஐந்து. ஒரு நிபந்தனை: துறை சார்பில் சனிதோறும் நான் இருக்க வேண்டும்.

வெளியே பெஞ்சில் டெல்ஃபின். தகவலைச் சொன்னேன், சின்ன வயதில் நான் விட்டதையும் சொன்னேன். "அழுத்தக்காரி" என்றாள்.

செப்டம்பர் 6, சனி

எட்டு மணிக்குக் கதவைத் திறந்தேன். நாற்பத்து மூன்று பிள்ளைகள். வரிசை முடிந்தது என்று பதிவேட்டை மூடப் போனேன்.

"இன்னும் ஒரு ஆள் பாக்கி. பைய வெச்சுட்டுக் கைய நீட்டு."

"டெல்ஃபின், வேண்டாம்."

"முழங்கைய மடக்காத."

நீட்டினேன். அவள் என் தோளில் வைத்த வயலினின் சுருளை விரல்கள் வளைத்துக்கொண்டன. பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே 'முழு' என்று எழுதினாள்.

வயலினைப் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.